மனச்சிதைவு நோயை இரத்தப் பரிசோதனை காட்டுமா? வேலூர் வட்டாரக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவமனைகளும் லேப்களும் தோளோடு தோள் உரசி நிற்கும் வேலூரில், எந்த நோயானாலும் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை மற்ற ஊர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறவர்களுக்கும் அதே நம்பிக்கைதான். மனநல மருத்துவரிடம் வரும்போது மட்டும் அது தடுமாறுகிறது. பழைய வட ஆற்காட்டுப் பகுதியான வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டக் குடும்பங்கள் இது குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

இரத்தம் எடுத்துப் பார்த்து மனச்சிதைவு நோய் இருக்கிறதா, இல்லையா என்று சொல்லிவிட முடியுமா?

இன்றைய நிலையில் முடியாது. இரத்தம், சிறுநீர், உமிழ்நீர், முதுகுத்தண்டு நீர் ஆகிய எதிலிருந்தும் மனச்சிதைவு நோயை, அதாவது ஸ்கிசோஃப்ரினியாவை, உறுதி செய்யும் சோதனையென்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது ஒன்றுகூட இல்லை. மூளை ஸ்கேனுக்கும் இதே விடைதான். அப்படியொரு சோதனை இருப்பதாகச் சொல்லி யாரேனும் பணம் கேட்டால், கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் மருத்துவர் எதை வைத்துத் தீர்மானிக்கிறார்? வெறும் பேச்சை வைத்தா?

பேச்சை வைத்துத்தான், ஆனால் அதை 'வெறும்' பேச்சு என்று ஒதுக்குவது சரியில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோய் வரையறைக் கையேட்டின்படி ஐந்து வகை அறிகுறிகள் பார்க்கப்படுகின்றன: ஆதாரமில்லாத அசைக்க முடியாத நம்பிக்கைகள், இல்லாத குரல்களைக் கேட்பது போன்ற மாய உணர்வுகள், கோர்வையற்ற பேச்சு, சீர்குலைந்த நடத்தை, உணர்ச்சியும் முனைப்பும் வற்றிப்போவது. இவற்றுள் குறைந்தது இரண்டு ஒரு மாத காலம் பெரும்பாலும் நீடித்திருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று முதல் மூன்றில் அடங்க வேண்டும். நோயின் சாயல் மொத்தத்தில் ஆறு மாதங்களாவது தொடர்ந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 ஒரு மாதத்தையே எல்லையாக வைக்கிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், ஒருவருக்கு மனநோய் உண்டா என்பதை இத்தகைய ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்கிறது.

இந்த அளவுகோலில் காலக்கணக்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும். பையன் எந்த மாதத்தில் வேலைக்குப் போவதை நிறுத்தினான், எப்போது குளிப்பதை விட்டான், பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று முதன்முதலில் எப்போது சொன்னான் என்பனவற்றை எந்தக் குப்பியிலும் பிடித்து வைக்க முடியாது. வீட்டிலிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். வேலூர் பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையம், நோயாளியுடன் உறவினர் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்ற முறையைப் பல பத்தாண்டுகளாகவே கடைப்பிடித்து வருகிறது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்து வைப்பதே உலக வழக்கமாக இருந்த காலத்தில் வேரூன்றிய முறை அது. சிகிச்சைக்கு எவ்வளவு உதவியதோ அவ்வளவுக்கு நோயை அறியவும் உதவியிருக்கும் என்பது என் கருத்து.

பிறகு எதற்காக முதல் நாளே அத்தனை இரத்தப் பரிசோதனைகளை எழுதிக் கொடுக்கிறார்கள்?

மனச்சிதைவைப் போலவே தோற்றம் காட்டும் வேறு நோய்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக. தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு, சிபிலிஸ், எச்ஐவி, இரத்தத்தில் கால்சியம் ஏறுவது, உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய், வலிப்பு, மூளைக்கட்டி, ஸ்டீராய்டு மருந்துகளின் விளைவு என இந்தப் பட்டியல் நீளமானது. எல்லாருக்கும் எல்லாச் சோதனையும் தேவைப்படாது. வயதையும் அறிகுறியையும் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

இவற்றுள் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மூளை நரம்பணுக்களில் செய்தியைப் பெறும் என்எம்டிஏ ஏற்பிகளை உடலின் சொந்த எதிர்ப்புப் புரதங்களே தாக்கும் மூளையழற்சி நோய் ஒன்று 2007இல் தெளிவாக விவரிக்கப்பட்டது. இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் இந்நோயில், சில சமயம் சினைப்பையில் உள்ள ஒரு கட்டியே மூலகாரணமாக இருக்கும். நேற்றுவரை நன்றாக இருந்த பெண் சில நாட்களில் குழம்பிப் பேசுவாள், பயப்படுவாள், குரல் கேட்கிறது என்பாள். அதன் பின் வலிப்பு, வாய் கோணி அசைவது, காய்ச்சல், நினைவு தப்புவது என்று போகும். முதுகுத்தண்டு நீரில் அந்த எதிர்ப்புப் புரதத்தைக் கண்டுபிடித்து உரிய சிகிச்சை தந்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். மனநல வார்டில் ஒரு மூலக்கூறுச் சோதனை உயிரையே காப்பாற்றும் இடம் இது. ஆகவே நோய் நாட்கணக்கில் வேகமாக முற்றினாலோ, வலிப்போ காய்ச்சலோ சேர்ந்தாலோ, அதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பயோமார்க்கர் என்று செய்திகளில் வருகிறதே, அது என்ன?

உடலில் அளந்து பார்க்கக்கூடிய, ஒரு நோயையோ அதன் போக்கையோ சுட்டிக்காட்டும் அடையாளமே பயோமார்க்கர்; தமிழில் உயிர்க்குறிப்பான் என்கிறார்கள். புரதம், மரபணு மாற்றம், ஆர்என்ஏ துணுக்கு, வளர்சிதைப் பொருள் போன்றவை மூலக்கூறு வகையைச் சேர்ந்தவை.

மனச்சிதைவில் இந்தத் தேடல் பழையது. மூளையில் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் மிகையாகச் செயல்படுகிறது என்ற கருத்து வலுப்பெற்றதும், டோபமின் சிதைந்து உண்டாகும் ஹோமோவனிலிக் அமிலத்தை இரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் அளந்தார்கள். அண்மைக் காலத்தில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6, நரம்பணுக்களைப் பேணும் பிடிஎன்எஃப் என்ற புரதம், டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாகி என்எம்டிஏ ஏற்பியைத் தடுக்கும் கைனுரெனிக் அமிலம் ஆகியவை அதிகம் ஆராயப்பட்டுள்ளன. நோயாளிகளின் சராசரியை மற்றவர்களின் சராசரியோடு வைத்துப் பார்த்தால், இன்டர்லூகின்-6 சற்று ஏறியும் பிடிஎன்எஃப் சற்று இறங்கியும், முதுகுத்தண்டு நீரில் கைனுரெனிக் அமிலம் கூடியும் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

வேறுபாடு இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பின் ஏன் அதைக்கொண்டு நோயை அறியக்கூடாது?

சராசரியில் உள்ள வேறுபாடு தனி ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதாது. ஆண்களின் சராசரி உயரம் பெண்களுடையதைவிட அதிகம்; அதற்காக ஒருவரின் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு அவர் ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியாது. இந்தப் புரதங்களில் நோயாளிகளின் அளவும் நலமானவர்களின் அளவும் அதைவிடவும் அதிகமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.

அடுத்தது, அந்த அடையாளங்கள் இந்த நோய்க்கு மட்டும் உரியவை அல்ல. இன்டர்லூகின்-6 டெங்குவிலும் காசநோயிலும் உடல் பருமனிலும் ஏறும். மனச்சோர்விலும் ஏறக் காண்கிறோம். பிடிஎன்எஃப் மனச்சோர்விலும் இறங்குகிறது. புகைபிடித்தல், தூக்கமின்மை, சாப்பாடு, எடை ஆகிய ஒவ்வொன்றும் இந்த அளவுகளைத் தள்ளி வைக்கும். நெடுநாள் நோயாளிகளிடம் இவையெல்லாம் சேர்ந்தே இருக்கும். போதாததற்கு மருந்தும் தன் பங்கைச் செய்கிறது. பத்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டவரின் இரத்தத்தில் தெரிவது நோயின் தடமா மருந்தின் தடமா என்று பிரித்தறிவது கடினம்.

இரத்தம் எடுக்கும் சோதனைக் குழாயிலேயே பிரச்சினை தொடங்கிவிடுகிறது. பிடிஎன்எஃப்-ஐ எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் அதன் பெரும்பகுதி, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள் சேமிக்கப்பட்டிருக்கிறது. சிவப்பு மூடிக் குழாயில் எடுத்த இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் அதை வெளியே கொட்டுகின்றன. எனவே உறைந்தபின் பிரியும் சீரத்தில் அதன் அளவு, உறையாமல் தடுத்துப் பிரித்த பிளாஸ்மாவில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். உறைவதற்கு அரைமணி விட்டார்களா, இரண்டு மணி விட்டார்களா என்பதற்கேற்பவும் எண் மாறும். அக்னி நட்சத்திர வெயிலில், ஆரணியிலோ அரக்கோணத்திலோ எடுத்த இரத்தம், உருகிப்போன ஐஸ் பையோடு டூவீலர் பெட்டியில் மாலைவரை பயணம் செய்து மையவிலக்கு இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அந்த எண் நோயாளியின் மூளையைப் பற்றி எதைச் சொல்லும்?

கடைசியாக, எளிதில் தீராத சிக்கல் ஒன்று. புதிய சோதனை சரியா என்று எதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்? மருத்துவரின் நேர்காணலுடன்தான். மனச்சிதைவு என்ற ஒரே பெயருக்குள் உயிரியல் அடிப்படையில் வேறுபட்ட பல நோய்கள் ஒளிந்திருக்கக்கூடும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் ஒரே மூலக்கூறு அனைவரிடமும் மாறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பொருந்தாது.

வெளிநாட்டில் இப்படியொரு இரத்தப் பரிசோதனை விற்பனைக்கே வந்ததாமே?

வந்தது. 2010இல் அமெரிக்காவில் 'வெரிசைக்' என்ற பெயரில், இரத்தத்தின் 51 புரதங்களை அளந்து மனச்சிதைவை அறிய உதவுவதாகச் சொல்லி ஒரு சோதனையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். நோயாளிகளில் 83 சதவீதம் பேரையும், நோயில்லாதவர்களில் 83 சதவீதம் பேரையும் சரியாக இனங்காண்கிறது என்பது அதை உருவாக்கியவர்கள் வெளியிட்ட கணக்கு. பின்னர் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

83 என்பது நல்ல மதிப்பெண்ணாகத் தோன்றும். குடியாத்தம் பக்கம் ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் அனைவருக்கும் இந்தச் சோதனையைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவருக்கு நோய் உண்டு என்ற தோராயக் கணக்கில் அங்கே பத்து நோயாளிகள் இருப்பார்கள். அவர்களில் எட்டுப் பேரைச் சோதனை பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 17 சதவீதம், அதாவது 168 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, 'நோய் உண்டு' என்று முடிவு வந்த 176 பேரில் உண்மையான நோயாளிகள் எட்டே பேர். மற்ற 168 வீடுகளில் நடக்கவிருந்த திருமணங்களும் வேலைகளும் என்ன ஆகும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஊரெல்லாம் சோதிக்க வேண்டாம், சந்தேகத்துடன் வருபவர்களை மட்டும் சோதிக்கலாமே என்று கேட்கலாம். அப்போது கணக்கு நிச்சயமாக மேம்படும். ஆனால் அங்கே மருத்துவருக்கு எழும் ஐயம் வேறு: இது மனச்சிதைவா, அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறா, கஞ்சாவினால் வந்ததா என்பதே. நலமானவர்களோடு ஒப்பிட்டு உருவாக்கிய சோதனை இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டதல்ல.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1962இல் நியூயார்க் ஆய்வாளர்கள், மனச்சிதைவு நோயாளிகளின் சிறுநீரை வேதியியல் முறையில் தாளில் பிரித்தபோது இளஞ்சிவப்புப் புள்ளி ஒன்று தோன்றுவதாக அறிவித்தார்கள். பரபரப்பு எழுந்தது. பிறகு நலமானவர்களின் சிறுநீரிலும் அது தென்பட்டது. உணவும் மருந்துகளும் அந்தப் புள்ளியைப் பாதிப்பது தெரியவந்ததும் ஆர்வம் அடங்கியது.

எங்கள் குடும்பத்தில் சித்தப்பாவுக்கு இந்த நோய் உண்டு. மரபணுப் பரிசோதனை செய்தால் பிள்ளைகளுக்கு வருமா என்று தெரியுமா?

பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது. மனச்சிதைவில் மரபின் பங்கு பெரியது. இரட்டையர் ஆய்வுகள் அதை ஏறத்தாழ 80 சதவீதம் என மதிப்பிடுகின்றன. ஆயினும் ஒரே கருவிலிருந்து பிறந்த, மரபணுக்கள் ஒன்றேயான இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதியளவோ அதற்கும் குறைவோதான்.

காரணம், பொறுப்பான மரபணு ஒன்றிரண்டு அல்ல. 2014இல் வெளியான பன்னாட்டு ஆய்வு 108 மரபணு இடங்களைச் சுட்டியது. 2022இல் 76,755 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு அதை 287 இடங்களாக உயர்த்தியது. ஒவ்வொன்றும் ஆபத்தை இம்மியளவே கூட்டுகிறது. எல்லாவற்றையும் கூட்டி 'ஆபத்து மதிப்பெண்' போட்டாலும், மக்களிடையே நோய்க்கான இயல்பில் காணும் வேறுபாட்டில் ஏழு சதவீத அளவையே அது விளக்குகிறது. அந்த மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து கணிக்கப்பட்டது. மற்ற மக்களிடம் அதன் துல்லியம் மேலும் குறைகிறது. இணையத்தில் உமிழ்நீர்க் குப்பி வாங்கி அனுப்பினால் வரும் வண்ணமயமான அறிக்கையில், சிவப்பு மையில் 'அதிக ஆபத்து' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

விதிவிலக்கு உண்டு. 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப் பிறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வளர்ந்தபின் இவ்வகை மனநோய் வருகிறது. பிறவி இதயக் குறை, அண்ணப் பிளவு, கால்சியம் குறைவு, கற்றல் குறைபாடு ஆகியவற்றுடன் மனச்சிதைவும் சேர்ந்திருந்தால், மரபியல் மருத்துவரைப் பார்ப்பது பொருத்தமானது. நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவையும் இக்குறை எட்டுவதில்லை.

அக்காள் மகளைக் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்கிறார்களே?

ஒரே ஒரு குறைபட்ட மரபணுவைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெறுவதால் வரும் நோய்களில் இரத்த உறவுத் திருமணத்தின் பங்கு தெளிவானது. மனச்சிதைவு அவ்வகையைச் சேர்ந்ததல்ல. ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் நோய்க்கு அந்தத் திருமணமே காரணம் என்று எந்த மரபணுச் சோதனையாலும் காட்ட முடியாது. ஆகவே அந்தத் தாயின்மீது பழி போடுவதை உறவினர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

பெண் பார்க்கும் இடத்தில் பலரும் கேட்க விரும்புவது எண்தான் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களில் வாழ்நாள் ஆபத்து ஏறத்தாழ ஒரு சதவீதம். பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ நோய் இருந்தால் பத்து சதவீதத்தை ஒட்டியது. அதாவது, அப்படிப்பட்ட பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வருவதில்லை.

நம் மக்களிடம் இத்தகைய ஆய்வுகள் நடந்திருக்கின்றனவா?

நடந்திருக்கின்றன. 1984இல் தொடங்கப்பட்ட, சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இணைந்து தமிழகக் குடும்பங்களிடம் நடத்திய முழு மரபணு ஆய்வு 2019இல் வெளியானது. வைட்டமின் பி3 எனப்படும் நியாசினை உடல் கையாளும் விதத்தோடு தொடர்புள்ள மரபணு ஒன்றை அது முன்னிறுத்தியது. நியாசினைத் தோலில் தடவினால் பெரும்பாலோருக்குச் சிவக்கும். மனச்சிதைவு நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அந்தச் சிவப்பு மங்கலாகவே வரும் என்பது முன்பே அறியப்பட்டிருந்ததால், இம்முடிவு கவனத்தை ஈர்த்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் நியாசின் மாத்திரை வாங்கிக் கொடுப்பது வீண் வேலை, ஆபத்தும்கூட. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் நோயுள்ள குடும்பங்களின் இரத்த அணுக்களிலிருந்து தண்டணுக்களை (ஸ்டெம் செல்) உருவாக்கி ஆராய்கிறார்கள்.

வேலூருக்கும் இதில் இடமுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980களில் லக்னோ, சென்னை, வேலூர் ஆகிய மூன்று மையங்களில் மனச்சிதைவின் போக்கைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தது. மூலக்கூறு எதையும் அளக்காத அந்த ஆய்வு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதும் சிகிச்சைக்கு வருமுன் நோய் நீடித்த காலம் குறைவாக இருப்பதும் நல்ல விளைவோடு சேர்ந்து காணப்படுவதைக் காட்டியது. இன்றைக்கும் குடும்பத்தின் கையில் இருப்பவை இந்த இரண்டும்தான்.

கஞ்சா பழக்கம் உண்டு. சிறுநீர்ச் சோதனையில் தெரிந்துவிட்டால் மனச்சிதைவு இல்லை என்று பொருளா?

இல்லை. தொடர்ந்து புகைத்தவரின் சிறுநீரில் கஞ்சாவின் எச்சம் வாரக்கணக்கில் தங்கும். புகைத்தார் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. நிறுத்திய பின்னும் அறிகுறிகள் நீடிக்கின்றனவா என்பதே முக்கியம். மனச்சிதைவுக்கான ஆபத்தைக் கஞ்சா கூட்டுவதால், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

நோய் உறுதியான பிறகு எடுக்கும் இரத்தப் பரிசோதனைகளாவது பயனுள்ளவையா?

மிகவும். செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் கிடைப்பது இங்கேதான். மற்ற மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளுக்குத் தரப்படும் குளோசபின், சிலருக்கு இரத்த வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால் தொடக்க மாதங்களில் வாரந்தோறும், பின்னர் இடைவெளி விட்டு, வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை வாணியம்பாடியிலிருந்து பஸ் ஏறி வருவது சிரமம்தான். அருகிலுள்ள லேபில் எடுத்து முடிவை அனுப்பலாமா என்று மருத்துவரைக் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம். அந்த மருந்தின் இரத்த அளவு மில்லிலிட்டருக்கு 350 நானோகிராமை எட்டினால் பலன் கூடுதலாகக் கிடைக்கிறது. பீடி, சிகரெட் புகை குளோசபினை வேகமாகச் சிதைக்கச் செய்வதால், புகைப்பதைத் திடீரென நிறுத்தினால் மருந்தின் அளவு ஏறிவிடும். நிறுத்தப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஓலன்சபின் போன்றவை எடையையும் சர்க்கரையையும் கொழுப்பையும் கூட்டுவதால் அவற்றையும் காலமுறையில் பார்க்க வேண்டும். ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனை உயர்த்தி மாதவிடாயை நிறுத்திவிடக்கூடும்; பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிடுவது அடிக்கடி நடப்பதால், வீட்டுப் பெண்கள் யாராவது கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சரியான சோதனை வரும்வரை காத்திருக்கலாமா? அதற்குள் சோளிங்கருக்குப் போய் வருகிறோம்.

சோளிங்கர் ஆஞ்சநேயரிடம் வேண்டிக்கொண்டு, தக்கான் குளத்தில் குளித்து மலையேறுவதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவே. சிகிச்சையின்றிக் கழியும் மாதங்கள் கூடக்கூட, பின்னர் தேறுவது கடினமாகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் செலவின்றிப் பார்க்கலாம். 14416 என்ற எண்ணில், அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி-மானஸில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஆய்வுக்காக இரத்தம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

விருப்பமிருந்தால் கொடுக்கலாம். நம் மக்களின் தரவு சேராதவரை, ஐரோப்பியர்களைக் கொண்டு வகுத்த கணக்குகளையே நாமும் நம்பியிருக்க வேண்டும். கையெழுத்திடுமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும்: நிறுவன நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்கிறதா, மாதிரியை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பார்கள், பிற்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்துவார்களா, பெயரை எவ்வாறு மறைப்பார்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். மறுத்தாலோ பாதியில் விலகினாலோ சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. ஆய்வுக்காக எடுக்கும் சோதனைக்கு உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அதன் முடிவும் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது. நோயாளி தெளிவாக இருக்கும் வேளையில் அவரிடமே கேட்க வேண்டும். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக நோயாளியின் கையை நீட்டச் சொல்வது முறையல்ல.